எம்பசிக்குப் போகிற டை

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டின் முன்னறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் கருஞ்சிவப்பு நிற டை ஒன்று, முடிச்சுப் போட்டபடியே தொங்குகிறது. என் மனைவியின் தகப்பனார், நான் மாமா என்று அழைத்தவர், அந்த முடிச்சை ஒருநாளும் அவிழ்த்ததில்லை. வேண்டியபோது வளையத்தைப் பெரிதாக்கித் தலைக்கு மேலால் மாட்டுவார். கொலருக்குக் கீழே அதைச் சரிசெய்து, முடிச்சை மெல்ல மெல்லத் தொண்டைவரை ஏற்றுவார். கழற்றும்போது அதே மாதிரி இறக்கி ஆணியில் கொழுவிவிடுவார். முடிச்சின் ஓரத்தில் துணி தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ அவர் அதைக் கட்டியதில்லை. வருடத்தில் ஒருநாள்தான் அது ஆணியை விட்டு இறங்கும். அன்றைக்கு மாமா தான் உயிரோடு இருப்பதைக் காட்ட எம்பசிக்குப் போவார்.

இதில் பகிடி எதுவும் இல்லை. மாமா ஊரில் ரயில்வே ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி காலமான பிறகு எங்களோடு வந்து இருந்தார். வெளிநாட்டில் வசிக்கிற பென்சன்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை தங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். அங்கே ஓர் அதிகாரி ஆளைப் பார்த்து, ஆள் இருக்கிறார் என்று கையெழுத்து வைத்தால்தான் அடுத்த வருடம் பென்சன் வரும். அந்த ஏற்பாட்டை நினைத்து நாங்கள் சிரித்தால் மாமாவுக்குப் பிடிக்காது. “உயிரோட இருக்கிறன் எண்டு நான் சொன்னாக் காணாது தம்பி, அவங்கள் தங்கட கண்ணால பாக்கவேணும்” என்பார். “செத்தவனெல்லாம் பென்சன் எடுத்தா நாடு தாங்குமோ?” நாடு என்ற சொல்லை அவர் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வார். தெற்கில் இருக்கிற சிங்கள ஊர் ஸ்டேசன்களிலேயே அரைவாசிக் காலத்தைக் கழித்தவர் அவர். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் காட்டிச் சம்பளம் வாங்கியவர். எனக்கு அந்தச் சொல் தொண்டையில் நிற்கும்.

நான் எம்பசிக் கட்டடத்தை முதலில் பார்த்தது அதற்கு எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்றபடிதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய், இடம்பெயர்ந்து, பிரான்சுக்கு வந்து, பாரிசில் கோப்பை கழுவி, பிறகு லண்டனுக்கு வந்து சேர்ந்தவன் நான். ஊரில் சண்டை முடிகிற நாட்களில் இங்கே எங்கள் சனம் முழுவதும் போராட்டமாகத் தெருவில் நின்றது. அப்போது நானும் ஒரு தடுப்புக் கம்பிக்குப் பின்னால், மப்ளரால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்து நின்றேன். மேல்மாடியில் மண்ணிறத் திரை போட்ட ஒரு யன்னல் இருந்தது. அந்தத் திரைக்குப் பின்னால் இருந்து படம் எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற எல்லாருமே சொன்னார்கள். திரை அசைந்ததை நானும் கண்டேன். காற்றாக இருக்கலாம். ஆனால் யன்னல் பூட்டியிருந்தது.

அதே நாட்களில்தான் என் தம்பி காணாமற் போனான். சண்டை நடந்த இடத்தில் இருந்து சனத்தோடு சனமாக வெளியே வந்தவனை ஆமிக்காரர் வேறாகக் கூட்டிப்போய் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அம்மா அதைத் தன் கண்ணால் கண்டா. அதற்குப் பிறகு அவனைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அம்மா வன்னியில் எங்கள் பழைய காணியில் ஒரு சின்ன வீட்டில் தனியே இருக்கிறா. அம்மாவுக்கு என்னால் ஒரு கரைச்சலும் வரக்கூடாது என்பதே எனக்கு எப்போதும் இருந்த பயம். அதனால் என் படம் எங்கேயும் வரவிடமாட்டேன். ஊர்ச் சங்கத்தில் பெயர் கொடுக்கமாட்டேன். மீன்கடை வேலையில் யாராவது “எந்த ஊர்?” என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மீனை வெட்டத் தொடங்கிவிடுவேன்.

ஆகவே மாமாவை எம்பசிக்குக் கூட்டிப் போகும் வேலை என் தலையில் விழுந்தபோது நான் வாசலோடு நின்றுகொண்டேன். மனைவி பராமரிப்பு இல்லத்தில் பகல் ஷிப்ட் வேலை செய்கிறாள், அவளால் வர ஏலாது. ரயிலில் மாமாவைக் கூட்டிப் போய், படியில் ஏற்றிவிட்டு, நான் தெருவைக் கடந்து பார்க்கின் கம்பி வேலிக்குப் பக்கத்தில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிடுவேன். கோடை வெயிலிலும் தொப்பியைக் கண்வரை இழுத்துவிடுவேன். மற்றப் பென்சன்காரர்கள் போன வேகத்தில் திரும்பி வருவார்கள். மாமா வரமாட்டார். அவருக்குப் பிறகு போனவர்கள்கூட வந்து, பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். கடைசியாக, தேத்தண்ணி குடித்த முகத்தோடு மாமா ஆறுதலாகப் படியிறங்குவார்.

“என்ன மாமா இவ்வளவு நேரம்?”

“சும்மா கதைச்சுக்கொண்டு இருந்தம் தம்பி.”

என்ன கதைத்தார் என்பதை அவர் ரயிலில் வரும்போது சொல்வார். அதுவும் கட்டடத்தின் கதையாகத்தான் இருக்கும். நாட்டுக்குப் பழைய பெயர் இருந்த காலத்தில் இங்கே சட்டமும் எஞ்சினியரிங்கும் படிக்க வந்த பெடியள், ஊர்ப் பேப்பர் பார்க்க அந்தப் படியேறி வருவார்களாம். பேப்பர் கப்பலில் வந்து சேரும்போது செய்தி ஆறிப் பழசாகியிருக்குமாம். சித்திரை வருடப் பிறப்புக்குத் தமிழ்ப் பெடியளும் சிங்களப் பெடியளும் ஒரே மேசையில் பாற்சோறு தின்பார்களாம். தூதர்களாக இருந்தவர்களின் பெயர்களை ஒரு மரப்பலகையில் பொன்னெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்களாம். “அந்தப் பலகையில எங்கட தமிழ் ஆக்களின்ர பேரும் கிடக்குது தம்பி, வடிவாப் பாத்தனான்” என்றார் ஒருமுறை. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். எங்களுக்கு அந்தக் கட்டடம் எப்போதோ இல்லாமற் போய்விட்டது. லண்டனுக்கு வந்தவுடன் நாங்கள் பயந்து ஒதுங்கிய முதல் வாசல் அதுதான். இந்தக் கதைகளைச் சொல்ல அவ்வளவு நேரம் போகாது என்றும் எனக்குத் தோன்றியது.

நான் வேலை செய்கிற கடையின் முதலாளி அண்ணை ஜேர்மனியில் இருந்து வந்தவர். அவர் தன்னுடைய நிழலைக்கூடச் சந்தேகக் கணக்கில் வைத்திருப்பவர். “உன்ர மாமன் வருசா வருசம் அங்க என்ன, ஸ்டேசன் ரிப்போட் குடுக்கிறாரோ?” என்று கேட்டுச் சிரிப்பார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “சிங்களம் தண்ணிபோலக் கதைக்கிற ஆள். கவனமாயிரு, அவ்வளவுதான் சொல்லுவன்” என்பார். நான் அறக்குளா மீனின் செட்டையை வெட்டுவேன். ஆனால் அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வரும்.

ஒருமுறை மாமாவுக்கு முழங்கால் வலி கடுமையாகிவிட்டது. தனியே படியேற ஏலாது. நான் உள்ளே போக வேண்டியதாயிற்று. முன்னறையில் கதிரைகள், கொடி, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தின் பெரிய படம். கவுண்டரில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தா. மாமாவைக் கண்டவுடன் எழுந்து நின்றா. அவர்களோடு இன்னொரு அதிகாரியும் வந்து சேர்ந்துகொண்டார். புதிதாக வந்தவர்போல இருந்தது. மூன்று பேரும் சிங்களத்தில் பேசத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் சோதனைச் சாவடிகளில் கேட்ட நாலைந்து அதட்டல்கள் மட்டும்தான். மாமாவின் சிங்களம் அதட்டலாக இல்லை. தாழ்ந்த குரலில், யாரிடமோ எதையோ வேண்டுவதுபோல இருந்தது. அந்தப் புரியாத பேச்சுக்கு நடுவில், ஆற்றில் மிதந்து வந்த கட்டைபோல, எங்கள் ஊரின் பெயர் வந்தது. பிறகு என் அப்பாவின் பெயர் வந்தது.

எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர்தான் முடிவுப் பெயர். கடவுச்சீட்டிலும் வங்கியிலும் வேலையிடத்திலும் நான் அந்தப் பெயர்தான். என் காதில் அது என் பெயராகவே விழுந்தது. புதிய அதிகாரி அதை இரண்டாம் முறை கேட்டு எழுதிக்கொண்டார். மாமா ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்தவுடனே குரலை இன்னும் தாழ்த்திவிட்டார்.

திரும்பும் ரயிலில் நான் கேட்டேன். இயல்பாகவே நான் கேட்கிற ஆள் இல்லை, அன்றைக்குக் கேட்டேன். “எங்கட அப்பான்ர பேர் ஏன் மாமா அங்க வந்தது?”

அவர் டையின் முடிச்சைத் தடவினார். “ரயில்வேயில அந்தப் பேரில எனக்கொரு சிநேகிதன் இருந்தவர். அவரைப் பற்றிக் கதை வந்தது.”

அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசர் அவர். சொல்லி முடித்தவுடன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு சில வாரங்களில் அம்மா போன் எடுத்தா. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்களாம், சாதாரண உடுப்பில். “நல்ல மரியாதையாத்தான் கதைச்சாங்கள் ராசா. மகனைப் பற்றிக் கேட்டாங்கள்” என்று தொடங்கினா. என்னைத்தான் தேடுகிறார்கள். “போனில ஒண்டும் கதையாதேங்கோ அம்மா” என்று சொல்லி நான் தொடர்பை வெட்டிவிட்டேன். வெட்டிய கையோடு திரும்பிப் பார்த்தால், மாமா கூடத்தில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பேப்பரை வாசித்தாரா, என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாரா?

அன்றிலிருந்து வீட்டில் அம்மாவோடு போன் கதைப்பதை நிறுத்தினேன். கடையின் பின்வளவில், மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுதான் கதைப்பேன். சுகம் விசாரிப்பதோடு சரி. வந்தவர்களைப் பற்றி அம்மா மறுபடி எடுத்தபோதெல்லாம் பேச்சை மாற்றினேன். மாமாவுக்கு முன்னால் ஊர்ப்பேச்சு, சங்கப்பேச்சு எதுவும் எடுக்கமாட்டேன். மனைவிக்கு விளங்கிவிட்டது. “இஞ்சருங்கோ, அப்பா உங்களைப் பற்றிக் கதைச்சு அவருக்கு என்ன கிடைக்கப்போகுது?” என்று சண்டைக்கு வந்தாள். என்ன கிடைக்கும் என்று தெரியாததுதான் என்னை இன்னும் அரித்தது. காரணம் தெரிந்த துரோகத்தை மன்னிக்கலாம். இது எந்த வகை என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டார். நான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். “தம்பி, என்னில ஏதும் கோவமோ?” “அப்பிடி ஒண்டும் இல்லை மாமா” என்றேன். அவர் நான் கழுவிய கோப்பையைத் துடைத்து வைத்தார். “வாற முறை எம்பசிக்கு நான் டாக்சியில போறன். உங்களுக்குக் கடையில வேலை” என்றார். நானும் ஓம் என்றேன். அடுத்த முறை அவர் தனியாகத்தான் போனார். டை கட்டிக்கொண்டு, தடியூன்றிப் படியிறங்கி டாக்சியில் ஏறுவதை மேல்மாடி யன்னலில் இருந்து பார்த்தேன், திரையைக் கொஞ்சம் விலக்கி.

அந்தக் குளிர்காலத்திலேயே மாமா காலமானார். நித்திரையிலேயே போய்விட்டார். செத்தவீட்டு வேலைகள் எல்லாம் முடிந்தபின், எம்பசிக்கு அறிவிக்க வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக நின்றாள். “அப்பா ஒருநாளும் அரசாங்கத்தை ஏமாத்தேல்ல. நாங்கள் அறிவிக்காமல் விட்டா அவர் உயிரோட இருக்கிறார் எண்டெல்லோ ஆகும்” என்றாள். அவளுக்கு லீவு இல்லை. மரணச் சான்றிதழை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நான் போனேன். தொப்பியைக் கழற்றவில்லை.

கவுண்டரில் அதே அம்மாதான் இருந்தா. அதிகாரிகள் மூன்று நான்கு வருடத்தில் நாடு திரும்பிவிடுவார்கள், இந்த அம்மா இங்கேயே இருந்து வேலை செய்கிற ஆள் என்று பிறகு அறிந்தேன். சான்றிதழைப் பார்த்தவுடன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. பிறகு, கொழும்பில் பேசுகிற தமிழில், “ஐயோ, சேர் போயிட்டாரா?” என்றா. இத்தனை காலமும் அவவுக்குத் தமிழ் தெரியும்! “இங்க கூட்டமா இருக்கு, மேல வாங்க” என்று முன்னால் நடந்தா. எனக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. மாடிப்படிச் சுவரில் அந்தப் பொன்னெழுத்துப் பலகையைக் கண்டேன். மாமா சொன்னது சரிதான், தமிழ்ப் பெயர்களும் இருந்தன. ஆனால் நின்று வாசிக்கிற நிலையில் நான் இல்லை.

மேலே ஒரு சின்ன அறை. கேத்தில், கோப்பைகள், பழைய பேப்பர்க் கட்டுகள். ஒரு யன்னல், அதில் மண்ணிறத் திரை. கால்கள் என்னை அறியாமலே அதற்குப் பக்கத்தில் கொண்டுபோயின. திரை விலகியிருந்த இடத்தால் கீழே பார்த்தேன். அந்த நாட்களில் தடுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் நாங்கள் நின்ற நடைபாதை தெரிந்தது. அதில் அப்போது நடந்துபோன ஒரு பெண்ணின் காதுத் தோடுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

“நீங்க தானே அந்த மருமகன்?” என்றா அந்தக் கண்ணாடி அம்மா, கேத்திலைப் போட்டுக்கொண்டே. “பார்க் வாங்குல தொப்பி போட்டுக்கிட்டு இருப்பீங்க. சேர் சொல்லுவார், மருமகன் வெக்கக்காரன், உள்ள வரமாட்டார்னு. பாவம், மழையில நனைஞ்சிட்டு இருந்தாலும் வரல்ல.”

நான் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினேன். குடிக்கவில்லை.

“அவர்ட தங்கச்சி மகன் விஷயம் ஒங்களுக்குத் தெரியும் தானே?” என்று கேட்டா.

மாமாவுக்குத் தங்கச்சி இல்லை. ஒரே பிள்ளையாகப் பிறந்தவர். “எந்த விஷயம்?” என்றேன்.

அந்த அம்மா ஒரு பெயரைச் சொன்னா. என் தம்பியின் பெயர், பின்னால் அப்பாவின் பெயர், எங்கள் ஊர். மாமா ஒவ்வொரு வருடமும் கையெழுத்து முடிந்ததும் எழும்பமாட்டாராம். என்ர தங்கச்சி மகன் இன்ன இடத்தில் பஸ்ஸில் ஏற்றப்பட்டவன், அவன் எங்கே என்று கேட்டுச் சொல்லுங்கள் என்பாராம். விசாரிக்கிறோம் என்று அதிகாரி சொல்வாராம். அடுத்த வருடம் அந்த அதிகாரி மாறியிருந்தால் மாமா முதலில் இருந்து தொடங்குவாராம், பஸ்ஸின் நிறத்தில் இருந்து. “நான் உசிரோட இருக்கிறத நீங்க பாத்துட்டீங்க, அவனையும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கன்னு கேப்பார். ஒரு ஆபீசர் பாத்ரூமுக்குப் போய் ஒளிஞ்சார், சேர் வெளிய கதிரை போட்டு உக்காந்துட்டார்” என்று சிரித்தவ, சிரிப்பை இடையில் நிறுத்தினா. “கடைசியா இருந்தவர் நல்லவர், அங்க எழுதிப் போட்டார். அந்தப் பையன்ட அம்மா வீட்டுக்கு யாரும் வந்தாங்களா? ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

அது யோசித்துச் சொன்ன பதில் இல்லை. அந்தக் கட்டடத்தில் யார் எது கேட்டாலும் என் வாய்க்கு வருகிற பதில் அதுதான். அந்த அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. அந்தப் பார்வை இரக்கமா வேறெதுவுமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. “சேர் இல்லாம இனி யார் வந்து கேப்பாங்க? சொந்தக்காரங்க யாரும் கேக்கல்லன்னா மேல உள்ளவங்க பைலை மூடிடுவாங்க. அந்தப் பையனுக்குக் கூடப்பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?” என்றா.

என்னிடம்தான் கேட்கிறா. உதவிக்கு ஆள் தேடுகிறாவா, ஆளைத் தேடுகிறாவா? “விசாரிச்சுச் சொல்லுறன்” என்று எழும்பிவிட்டேன்.

வெளியே வந்து, வழக்கமான வாங்கில் இருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். தெருவில் வைத்து அவவோடு பேசியது அதுதான் முதல்தடவை. “அண்டைக்கு வந்தவங்கள் எந்த மகனைக் கேட்டவங்கள்?” என்றேன்.

“சின்னவனைத்தான். அவன்ர படத்தை வாங்கிப் பாத்திட்டுத் தந்தவங்கள். அதைச் சொல்லத்தானே நானும் பாத்தன், நீ என்னைக் கதைக்க விட்டியோ?” என்றா அம்மா. அவவே தொடர்ந்தா. “உன்ர மாமாதான் என்னட்டை எல்லாம் கேட்டு எடுத்தவர். உனக்குச் சொல்லவேண்டாம், தெரிஞ்சாத் தடுத்துப்போடுவான் எண்டவர். இனி ஆர் கேக்கிறது?”

“அம்மா, அவங்களை நம்ப ஏலாது.”

“நம்பச் சொல்லி ஆர் சொன்னது? நானும் நம்பேல்ல. கேள் எண்டுதான் சொல்லுறன்.”

நான் சந்தேகப்பட்டது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அந்த யன்னலில் இருந்து எங்கள் முகங்கள் எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும் என்பதை நான் கண்ணால் கண்டவன். வந்த இருவர் யார் அனுப்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கண்ணாடி அம்மாவுக்கும் தெரியாது அல்லது தெரியாது என்கிறா. மாமாவும் அவர்களை முற்றாக நம்பவில்லை என்பதுதான் எனக்குப் பிறகு விளங்கியது. நம்பியிருந்தால் இல்லாத தங்கச்சியை ஏன் உண்டாக்கினார்? என்னைப் பார்க்கில் இருக்கவிட்டு, என் பெயரை வெளியே வைத்துவிட்டு, என் தம்பியைத் தன் இரத்தமாக்கிக்கொண்டு உள்ளே போனவர் அவர். வெள்ளைச் சட்டை போட்டு டை கட்டிய அரசாங்க ஊழியரை எளிதில் வெளியே அனுப்பமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்.

மாமா எம்பசிக்குப் போகிற அந்த நாள் இந்த வருடமும் வந்தது. கடையில் லீவு கேட்டேன். “எங்க பயணம்?” என்றார் முதலாளி அண்ணை. “எம்பசிக்கு” என்றேன். “உனக்கு விசரே?” என்றார். வீட்டில் ஆணியில் இருந்து டையை எடுத்தேன். எனக்கு டை கட்டத் தெரியாது, கட்டவும் வேண்டியிருக்கவில்லை. வளையத்தைப் பெரிதாக்கித் தலைக்கு மேலால் மாட்டினேன். மனைவி முன்னால் வந்து நின்று, அவளுடைய அப்பா போட்ட முடிச்சை மேலே ஏற்றிவிட்டாள். தொப்பியை அவளிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

தெருவின் இந்தப் பக்கம் நின்று மேலே பார்த்தேன். திரை இருந்தது. அசைந்ததா என்று கவனிக்காமல் தெருவைக் கடந்தேன். கவுண்டரில் ஒரு புதிய அதிகாரி இருந்தார். பக்கத்தில் நின்ற கண்ணாடி அம்மா என் கழுத்தைத்தான் முதலில் பார்த்தா. அதிகாரி ஆங்கிலத்தில் என் பெயரைக் கேட்டார். தொண்டையில் முடிச்சு இறுக்கியது. அதைத் தளர்த்தாமல் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் ஊரையும் சொன்னேன். தங்கச்சி மகன் இல்லை, என்ர தம்பி என்றேன். கண்ணாடி அம்மா அதை அவருக்குச் சிங்களத்தில் சொன்னா. அதிகாரி பேனையை எடுத்தார். நான் கதிரையை முன்னால் இழுத்துப்போட்டு, பஸ்ஸின் நிறத்தில் இருந்து தொடங்கினேன்.